அகத்தியர்கூடம்: அதிருமலைக் கொட்டகையில் ராத்திரி தங்குவது வீண்தானே?

8 பிப்ரவரி 2025, காலை 7.15 | ஒரு வாசகரின் கேள்வி

பொதிகை மலையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறையில் பதிவு செய்து போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மொத்தம் எட்டுப் பேர். விசாரித்த வரையில் நாள் முழுக்க நடந்து போய், காட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகையில் பாயில் படுத்துவிட்டு, மறுநாள்தான் உச்சிக்கு விடுகிறார்களாம். அந்தக் கொட்டகையில் அப்படி என்ன இருக்கிறது? வீண் அலைச்சல் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரே நாளில் ஏறி இறங்க வழி இருக்கிறதா? பாபநாசம் பக்கமாக?

8 பிப்ரவரி, இரவு 9.40

ஒரே நாளில் முடியாது. போனக்காட்டில் இருக்கும் பிக்கெட் ஸ்டேஷன் என்கிற வனத்துறைச் சோதனைச் சாவடியில் இருந்து அதிருமலை முகாம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அங்கிருந்து உச்சி இன்னும் 6. ஏற மட்டுமே 21 கிலோமீட்டர், அதுவும் கடைசிப் பகுதியில் பாறையில் கயிற்றைப் பிடித்து. பாபநாசம் வழி மூடிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உள்காடு. ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பிப் போகாதீர்கள்.

நாங்கள் இந்தத் திங்கட்கிழமை ஏறிப் புதன்கிழமை இறங்கினோம். தொடை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடி தேவைப்படுகிறது. மீதி நாளைக்கு எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்பவே சொல்லிவிடுகிறேன். கொட்டகையில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உச்சியை மறந்தாலும் மறப்பேன், அந்தக் கொட்டகையை மறக்க மாட்டேன்.

9 பிப்ரவரி, மதியம் 2.10

நாங்கள் ஆறு பேர். அண்ணன், மதினி, மதினியின் தம்பி, அண்ணனோடு வேலை பார்க்கும் ஒருவர், நான், காலேஜில் படிக்கிற என் மகள். எல்லோரும் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் பக்கம். அதனால் பொதிகை எங்களுக்குத் தூரத்து மலை கிடையாது. வீட்டு மொட்டைமாடியில் வடகம் காயப்போடும்போது மேற்கே தெரிகிற மலை. தினமும் பார்த்துக்கொண்டிருந்த மலையின் முதுகுப்பக்கம் போய் ஏற, நாகர்கோவில், திருவனந்தபுரம், விதுரை என்று சுற்றிப் போனோம்.

எங்கள் அப்பா 1984இல் பாபநாசம் வழியாகப் போனவர். காரையார் அணையில் படகில் கடந்து, பாணதீர்த்தத்துக்கு மேலே ஏறி, இஞ்சிக்குழியில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்பைத் தாண்டிப் போயிருக்கிறார். ராத்திரி பாறைக்கு அடியில் தீ மூட்டிப் படுத்தோம் என்பார். நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. நானும் வருவேன் என்று அழுதேன். பொம்பளைப்பிள்ளைகள் அங்கே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது வருஷம் கழித்து நான் போனேன். கிளம்பும்போது அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: “வரும்போது அந்தத் தண்ணில ஒரு குப்பி கொண்டா.”

வழி இப்படி. போனக்காடு ஒரு பழைய தேயிலைத் தோட்டம். தோட்டம் நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பாதி இடிந்து கிடக்கிறது, மீதியில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த பாட்டி நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, “எந்த ஊரு நீங்க?” என்று தமிழில் கேட்டார். நின்று பேச நேரம் இல்லாமல் போய்விட்டது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிக்கெட் ஸ்டேஷனில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக், மது, பீடி சிகரெட், பூஜைச் சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாது. மருத்துவச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அப்புறம் நடை. லாத்திமொட்டை, கரமனையாறு, வாழப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஒவ்வொரு இடத்திலும் காணி வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அட்டையாறு என்ற பெயரைக் கேட்டதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கிப் பார்த்தோம். வழிகாட்டி அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அட்டையாறு வரைக்கும் நிழல்தான். மரங்களுக்கு நடுவே தண்ணீர்ச் சத்தத்தோடு போகலாம். அதற்குப் பிறகு புல்மேடு. அங்கேதான் குழு உடையும். வெயில் உச்சந்தலையில் இறங்கும், முன்னால் போகிறவர் முதுகு மட்டும்தான் தெரியும். இளவட்டங்கள் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுவார்கள். நாங்கள் காலையிலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நடையில் யார் மெதுவோ அவர் முன்னால், வேகமானவர் கடைசியில். மதினிதான் முன்னால் நடந்தார். மதினியின் தம்பி மாரத்தான் ஓடுகிறவன், அவன் கடைசியில். முதல் ஒரு மணி நேரம் அவனுக்குக் கால் துறுதுறுவென்று இருந்திருக்கும். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

புல்மேட்டுக்குப் பிறகு ஏழுமடக்கு தேரி, முட்டிடிச்சான் தேரி. நம் பக்கம் தேரி என்றால் செம்மண் மேடு, இங்கே செங்குத்தான மலைச்சரிவு. முட்டிடிச்சானில் ஒவ்வொரு எட்டுக்கும் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. பெயர் வைத்தவன் நடந்து பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

சாயங்காலம் நாலரைக்கு முகாம்.

9 பிப்ரவரி, இரவு 10.30

முகாமைப் பற்றி எழுதாமலே நிறுத்திவிட்டேன் என்று மகள் திட்டினாள்.

காடு கொஞ்சம் விலகி வானம் திறக்கிற இடத்தில் அதிருமலை. சுற்றிலும் யானை வராமல் இருக்க அகழி. அதற்குள் கொட்டகைகள், ஒரு சமையல்கூடம், கழிப்பறைகள். கரண்டு கிடையாது, செல்போன் சிக்னல் கிடையாது. படுக்கப் பாய் தருகிறார்கள், போர்வை நம்முடையது. நேர் எதிரே அகத்தியர் மலை நிற்கிறது. மொட்டைமாடியில் இருந்து நீலமாகக் கைக்குள் அடங்குகிற மலை, இங்கே வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர்தான், பத்து நிமிஷம் பேச்சே இல்லை. கோயில்களில்கூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

தண்ணீர் ஊசி மாதிரி குத்துகிறது. குளித்தவர்கள் கத்திய கத்தலில் பறவைகள் பறந்தன. இருட்டினதும் கஞ்சி. சூடான கஞ்சி, பயறு, பப்படம், ஊறுகாய். பதினைந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு, நெருப்பு மாதிரி கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், அதற்குப் பிறகு கொட்டகையில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டீர்கள். எங்களுக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்து ஆட்கள், கொல்லத்தில் இருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், கோயம்புத்தூர்ப் பையன்கள் நான்கு பேர். ஊறுகாய் யாருடையது, கடலைமிட்டாய் யாருடையது என்று கணக்கே இல்லாமல் போய்விட்டது. மதினி கொண்டுபோயிருந்த புளிமிளகாய் மலையாளம் பேசுகிறவர்கள் கைக்குப் போனது, திரும்பி வரவில்லை. வெறும் கிண்ணத்தை மறுநாள் கழுவிக் கொடுத்தார்கள்.

எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டோம். அப்புறம் காற்று. தகரத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உலுக்குகிற மாதிரி. நடுராத்திரி தூரத்தில் யானை ஒரு தடவை பிளிறியது. கொட்டகையில் முப்பது பேராவது விழித்திருப்பார்கள், ஒருத்தர்கூடப் பேசவில்லை. மகள் என் போர்வைக்குள் வந்துவிட்டாள். பத்து வயசுக்குப் பிறகு அவள் என்னோடு ஒட்டிப் படுத்தது அன்றைக்குத்தான்.

10 பிப்ரவரி, காலை 6.50

ஒரு திருத்தம். யாரும் பேசவில்லை என்று எழுதியது தவறு. கொல்லத்து ஆசிரியர் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்று அண்ணன் சொல்கிறார். யானை பிளிறியதும் குறட்டை நின்றது, அதனால்தான் அவ்வளவு அமைதி என்பது அவர் கட்சி.

10 பிப்ரவரி, இரவு 8.20

பெண்கள் போகலாமா, சிக்கல் ஏதும் உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போகலாம். 2018இல் கேரள உயர்நீதிமன்றம் தடை கூடாது என்று சொன்னது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சி வரை போனார். தீர்ப்புக்குப் பிறகு முதலில் ஏறிய பெண் அவர்தான். திருவனந்தபுரத்தில் பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராக இருந்தவர். அந்த நேரத்தில் காணி மக்கள் போனக்காட்டில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அகத்தியர் அவர்களுக்குக் குலத்தில் மூத்தவர், பிரம்மச்சாரி என்பது அவர்கள் நம்பிக்கை.

இதை வைத்துக் காணிகளை மோசமாகப் பேசுகிற பதிவுகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நாற்பது வருஷம் காத்திருந்திருக்கிறேன். ஆனால் என் மகள் முட்டிடிச்சானில் வழுக்கியபோது கையைக் கொடுத்து ஏற்றிவிட்டது ஒரு காணி வழிகாட்டிதான். வரக்கூடாது என்று நினைப்பவர் மாதிரி ஒரு பார்வைகூட அவரிடம் இல்லை. அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து வருகிறது. மெதுவாகப் பேசினால் நமக்கு முக்கால்வாசி புரியும்.

கழிப்பறை பற்றி: இருக்கிறது. பக்கெட்டில் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். ராத்திரி தனியாகப் போகாதீர்கள், டார்ச் இல்லாமல் போகவே போகாதீர்கள். உபயோகித்த நாப்கின்னை அங்கே போடக்கூடாது, கட்டி எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அதற்கென்று மூடிபோட்ட டப்பா ஒன்று பையில் இருக்கட்டும்.

12 பிப்ரவரி, இரவு 11.05

உச்சியைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். ஆறு மணிக்குக் கிளம்பினோம். பொங்காலப்பாறை வரைக்கும் காடும் ஈரமும். அதற்கு மேல் மரங்கள் எல்லாம் குள்ளமாகி, கிளை முறுக்கிக்கொண்டு, பாசி தொங்க நிற்கின்றன. பாறை இடுக்குகளில் வரைக்கமுகு. நம் கமுகுக்கு ஒல்லியான தங்கச்சி மாதிரி இருக்கும். தென்கோடி மலைகளில் மட்டுமே வளர்கிற மரம். யானைக்கு எட்டினால் விட்டுவைக்காது, எட்டாத பாறைச்சரிவில்தான் நிறைய நிற்கிறது.

கடைசியில் மொட்டைப் பாறை. கயிறு கட்டியிருக்கிறார்கள். 1,868 மீட்டர் என்பது பெரிய உயரம் கிடையாது, ஊட்டி நகரமே அதைவிட மேலே இருக்கிறது. ஆனால் தென்பக்கம் அதற்கு மேல் எதுவும் இல்லாததால் காற்று வந்து நேராக மோதுகிறது. நிமிர்ந்து நிற்க முடியவில்லை. 1850களில் திருவனந்தபுரம் வான்நோக்கு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த மலையிலும் ஒரு நிலையம் அமைத்துப் பூமியின் காந்தத்தையும் வானிலையையும் அளந்திருக்கிறார். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. கருவிகளை இவ்வளவு மேலே சுமந்து வந்தவர்கள் யாரோ, அவர்கள் பெயரையும் எங்காவது எழுதி வைத்திருக்கலாம்.

மேலே அகத்தியர் சிலை. சின்னது. மேகம் விலகிய இரண்டு நிமிஷத்தில் கிழக்கே நம் பக்கம் தெரிந்தது. அணைத் தண்ணீர் பளிச்சென்று ஒரு துண்டு, அதைத் தாண்டி வெளிறிப்போன சமவெளி. நம்ம வீடு அங்கேதான் என்று மகளிடம் கை காட்டினேன். எந்தப் புள்ளி என்று எனக்கும் தெரியாது. ஆனால் அங்கேதான் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு இறங்கினோம்.

இவ்வளவுதான். முகாமைப் பற்றி எழுதிய அளவுக்கு உச்சியைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. அங்கே மொத்தம் இருபது நிமிஷம் நின்றிருப்போம்.

13 பிப்ரவரி, மதியம் 1.30

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன். உச்சிக்குப் போனது ஐந்து பேர். மதினி வரவில்லை.

முதல் நாள் கடைசி ஏற்றத்திலேயே மதினிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. காலையில் எழுந்து, நான் இங்கேயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க என்றார். நான் விடவில்லை. “இவ்வளவு தூரம் வந்துட்டு எப்படி மதினி? மெதுவா போவோம், நான் கூட வாறேன்” என்று அரை மணி நேரம் வற்புறுத்தினேன். அண்ணன்கூடச் சும்மா இருந்தார், நான்தான் விடாமல் பிடித்தேன். கடைசியில் மதினி முகம் மாறிவிட்டது. “ஏட்டி, உனக்காகத்தான் நான் மலைக்கே வந்தேன். மேல உனக்கு வேண்டியது இருக்கு, எனக்கு வேண்டியது இங்க இருக்கு, போ” என்றார்.

நாங்கள் ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தால் மதினி சமையல்கூடத்துத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருக்கிறார். முழங்காலில் ஏதோ இலையை அரைத்துக் கட்டியிருக்கிறார்கள். சமைக்கிறவர்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், யானை எந்தப் பக்கமாக அகழி வரைக்கும் வரும், மழைக்காலத்தில் எத்தனை மாசம் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. காலையில் மேகம் மலையை மூடி மூடித் திறந்ததை ஆறு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நான் மலைமேல் நின்று மேகத்துக்குள் ஒன்றும் தெரியாமல் இருந்த நேரத்தில், அவர் கீழே இருந்து முழு மலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நாளில் போனக்காட்டுக்கு இறங்கிவிடுவது என்பதுதான் எங்கள் திட்டம். ரொம்பப் பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள். மதினிக்காக இன்னொரு ராத்திரி தங்கினோம். திட்டத்தில் இல்லாத அந்த இரண்டாவது ராத்திரிதான் இந்தப் பயணத்திலேயே நல்ல ராத்திரி. கால் பழகியிருந்தது, பயம் போயிருந்தது, காற்றும் கொஞ்சம் அடங்கியிருந்தது. வெளியே தரையில் போர்வையை விரித்துப் படுத்து நட்சத்திரம் பார்த்தோம். என்ன பேசினோம் என்று எல்லாம் எழுத மாட்டேன். அண்ணனும் மதினியும் கல்யாணமான புதிதில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். அந்தச் சண்டையால் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

குழுவாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒருத்தர் நான் வரவில்லை என்றால் ஒரு தடவை கேளுங்கள். இரண்டாவது தடவை கேட்காதீர்கள். நான் கேட்டது பத்துத் தடவை இருக்கும், அது தப்பு.

13 பிப்ரவரி, மாலை 6.00

முழங்காலில் கட்டிய இலை ஆரோக்கியப்பச்சையா என்று கேட்டிருப்பவருக்கு: இல்லை. அது வேறு. ஆரோக்கியப்பச்சை தின்கிற சமாச்சாரம்.

அந்தக் கதை தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1987இல் இந்தக் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். வழிகாட்டியாகப் போன காணி இளைஞர்கள் மட்டும் சோர்வே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று பார்த்தால் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயை இடையிடையே மென்றுகொண்டு வந்திருக்கிறார்கள். முதலில் சொல்ல மறுத்து, பிறகு காட்டிக் கொடுத்தார்கள். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதை வைத்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் தயாரிப்பு உரிமையைக் கொடுத்தார்கள். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997இல் காணிகளுக்கான அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து, அதன் வழியாகப் பணம் போனது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்கிற விஷயம் இது. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலையில் நடந்தது, எனக்கே போன வருஷம்தான் தெரியும்.

செடியைத் தேடிப் பிடுங்க வேண்டாம். வழிகாட்டிகளிடம் எங்கே இருக்கிறது என்று நச்சரிக்கவும் வேண்டாம்.

16 பிப்ரவரி, காலை 9.15

அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். கொண்டுவந்தேன். இறங்கும்போது அட்டையாற்றில் எவர்சில்வர் குப்பியில் பிடித்தேன். அம்பாசமுத்திரம் வந்ததும் வராததுமாக அப்பா கையில் கொடுத்தேன். தாமிரபரணி ஆறாவதற்கு முன்னாடியே எடுத்த தண்ணீர் அப்பா என்று சொன்னேன். ஒரு வாய் குடித்தார். “நல்லாருக்கு” என்றார். குப்பியை மூடி வைத்துவிட்டார். 76 வயது. கண் கலங்கின மாதிரி இருந்தது, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

16 பிப்ரவரி, இரவு 7.45

அது தாமிரபரணித் தண்ணீரே இல்லை என்று கீழே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்வது சரி. அட்டையாறு கரமனையாற்றில் சேர்கிற ஓடை. கரமனை மேற்கே ஓடி, பேப்பாறை அணை வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்து, அரபிக்கடலில் சேர்கிறது. தாமிரபரணி மலைக்கு அந்தப் பக்கம், கிழக்குச் சரிவில், பூங்குளத்தில் தொடங்குகிறது. நான் நடந்தது முழுக்க மேற்குச் சரிவு.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மழை ஒன்று, மலை ஒன்று, முகட்டில் விழுகிற துளி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போகும். இது தெரிந்திருந்தும், பொதிகைத் தண்ணீர் என்றால் தாமிரபரணிதான் என்று மனசு முடிவு செய்துவிட்டது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

17 பிப்ரவரி, மதியம் 12.20

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி நானும் அப்படித்தான் நினைத்தேன். காலையில் சரிப்படவில்லை. ஆற்றுத் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர், பொய்த் தண்ணீரைத் தாமிரபரணி என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

அதற்கிடையில், முதலில் கேள்வி கேட்டவருக்கு. சீசன் 22ஆம் தேதியோடு முடிகிறது. இனி அடுத்த ஜனவரிதான். பதிவு திறக்கிற அன்று எட்டுப் பேரும் தனித்தனியாகத் திரைக்கு முன்னால் உட்காருங்கள், ஒரு நாளைக்கு நூறு பேர் என்பது சீக்கிரம் நிரம்பிவிடும். எட்டுப் பேருக்கும் ஒரே நாள் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். நாங்கள் முதலில் ஒன்பது பேராக இருந்தோம், மூன்று பேருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒன்பது பேர் போயிருந்தால் மெதுவான ஆளை முன்னால் விடுகிற ஏற்பாடு நடந்திருக்காது. ஆறு பேர்தான் சரியான அளவு என்று இப்போது தோன்றுகிறது. மூன்றாக உடைந்தாலும் யாரும் தனியாக மாட்டார்கள்.

18 பிப்ரவரி, காலை 7.00

ஆறு பேர்தான் சரியான அளவு என்றால் அந்த மூன்று பேர் என்ன செய்வார்கள் என்று எங்கள் சித்தப்பா போனில் கேட்கிறார். அவர் அந்த மூன்று பேரில் ஒருவர். சித்தப்பா, அடுத்த வருஷம் உங்களுக்குத்தான் முதல் இடம்.

23 பிப்ரவரி, இரவு 10.50

இன்று அம்பாசமுத்திரம் போய்வந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். அப்பா, அது நம்ம ஆத்துத் தண்ணி இல்லை, அந்தப் பக்கம் போற ஆறு, எனக்குத் தெரியாமல் பிடித்துவிட்டேன். அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “போனக்காடுன்னு நீ சொன்னப்பவே தெரியுமே. அது மேக்க எறங்குத தண்ணி. நீ அம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்திருக்க, குடிச்சேன்” என்றார்.

அப்புறம் முகாமைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். ராத்திரி காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, தகரம் போட்டிருக்கிறார்களா ஓலையா, கஞ்சியில் உப்பு போட்டிருந்ததா. 1984இல் அவரும் கூட வந்தவர்களும் படுத்த பாறைக்கு அடியில் ராத்திரி பூராவும் காற்று ஊதியதாம். முறைவைத்து இரண்டு இரண்டு பேராக எழுந்து தீயைப் பார்த்துக்கொண்டார்களாம். அவரோடு முறை பார்த்தவர் யார், அந்த ராத்திரி அவர் என்ன கதை சொன்னார் என்றெல்லாம் சொன்னார். நாற்பது வருஷத்தில் இது எதையுமே நான் கேட்டதில்லை. உச்சியில் என்ன இருந்தது என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

ஆறு மணி பேருந்தை விட்டுவிட்டேன், எட்டு மணிக்குத்தான் கிளம்பினேன். மகள் செல்போனில் எடுத்த படங்களைக் காட்டினாள். உச்சிப் படங்களைத் தள்ளித் தள்ளிவிட்டு, மதினி திண்ணையில் பயறு பொறுக்குகிற படத்தில் நின்றுவிட்டார். பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார்.

24 பிப்ரவரி, காலை 8.10

குப்பியில் முக்கால்வாசித் தண்ணீர் மீதி இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார், தினமும் ஒரு வாய் குடிக்கிறாராம். கெட்டுப்போகும் அப்பா என்றால் கேட்கவில்லை. அம்மாவிடம் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அட்டைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: கால்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக் கட்டிக்கொண்டோம், ஒரு துணிப்பையில் கல்லுப்பு. இழுத்துப் பிடுங்காதீர்கள். உப்பை வைத்தால் தானாக விழும். ஆறு பேருக்கும் சேர்த்து மொத்தம் நான்கு அட்டைதான், அதில் மூன்று மாரத்தான் ஓடுகிறவன் காலில்.